கழுத்துக்கு லீவு கொடு, கண்ணு

ராத்திரி இரண்டு மணிக்கு வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்படி வைத்தால் மட்டும்தான் தோளிலிருந்து நடுவிரல் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்த எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா பார்த்துவிட்டாள். "பொம்பளப் புள்ள தலையில கைய வெக்காத கண்ணு, குடும்பத்துக்கு ஆகாது" என்று கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் பிசியோதெரபிஸ்ட் தம்பி கேட்ட முதல் கேள்வியே அதுதான். "கையத் தலைமேல வெச்சா வலி குறையுதுங்களா அக்கா?" குறைந்தால் கழுத்தில் நரம்பு அழுந்துகிறது என்பதற்கு அது ஓர் அடையாளமாம். கை மேலே போகும்போது நரம்பின் இழுவிசை தளர்கிறது. அதனால் உனக்கும் அப்படி இதமாக இருந்தால், வீட்டில் யார் என்ன சொன்னாலும் வைத்துக்கொள். சகுனத்தை விட உன் தூக்கம் பெரிது.

நான் திருப்பூரில் 19 வருடமாக பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். 40 வயதில் இந்த வலி வந்தது. இப்போது எனக்கு 43. இந்த மூன்று வருடத்தில் எங்கள் லைனிலேயே நாலைந்து தங்கச்சிகள் இதே வலியோடு என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் உனக்கும் எழுதுகிறேன். நீ தையல் மெஷினில் இல்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவளாக இருந்தாலும் இதில் பாதிக்கு மேல் உனக்கும் பொருந்தும்.

எந்த விரல் என்று பார்

கழுத்தில் எலும்புகள் 7. அவற்றின் இடுக்குகளிலிருந்து இரண்டு பக்கமும் 8 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. அதில் கீழ்ப்பக்கத்து நரம்புகள்தான் தோள் வழியாகக் கைக்கு இறங்குகின்றன. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கினாலோ, தேய்மானத்தில் எலும்பின் ஓரம் முள்ளாக வளர்ந்தாலோ, நரம்பு வெளியே வரும் துவாரம் குறுகிவிடும். சிக்கல் கழுத்தில் இருக்கும், எரிவது கையாக இருக்கும். நான் முதல் மூன்று வாரம் தோளுக்கும் முழங்கைக்கும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது இது தெரியாமல்தான்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தால் பெரும்பாலும் ஆறாவது நரம்பு. நடுவிரல் என்றால் ஏழாவது, அதிகம் பேருக்கு நசுங்குவது இதுதான். சுண்டுவிரல் என்றால் எட்டாவது. ஏழாவது நரம்பு அழுந்தினால் கையை நீட்டித் தள்ளும் வலு குறையும். எனக்கு அது தெரிய வந்தது ஒரு துணிப் பண்டிலை மேஜைமேல் முன்னால் தள்ளப் பார்த்தபோது. துணி நகரவில்லை, கை மடங்கிக்கொண்டது. ஆறாவது என்றால் குடத்தைத் தூக்கும்போதும் மணிக்கட்டை நிமிர்த்தும்போதும் தெரியும்.

ஆனால் விரல் மரப்பதெல்லாம் கழுத்துக் கோளாறு இல்லை. கத்தரிக்கோல் பிடிக்கிற, நூல் பிசிறு வெட்டுகிற பெண்களுக்கு மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதும் சகஜம். ராத்திரி விரல் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் அதைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருப்பவர்களும் உண்டு. அதனால் மருத்துவரிடம் போகும் முன் இதைச் செய்: ஒரு வெள்ளைத் தாளில் கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்துகொள். மரத்த இடத்தைக் கோடு போட்டு நிரப்பு, வலிக்கிற இடத்தில் புள்ளி வை. எப்போது அதிகம், எப்போது குறைவு என்று பக்கத்தில் எழுது. மருத்துவருக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் நமக்குப் பாதி மறந்துபோகும். தாள் மறக்காது.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஆனால் வலுக்குறைவு எதுவும் இல்லாமல் வலி மட்டும் இருந்தால் முதல் வாரமே எம்.ஆர்.ஐ. தேவைப்படாது, ஐந்தாறு வாரம் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்றுதான் பல மருத்துவர்கள் சொல்வார்கள். எடுத்தாலும் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று இருப்பதைப் படித்து அழுதுவிடாதே. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் ஸ்கேன் எடுத்தால் அது இருக்கும். உன் கையில் என்ன நடக்கிறது என்பதும் ஸ்கேனும் ஒத்துப்போகிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் இருக்கின்றன, இதைக் கவனமாகப் படி. கையின் வலு நாளுக்கு நாள் குறைகிறது, இரண்டு கையும் தடுமாறிப் பட்டன் போட முடியவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, நடக்கும்போது கால் தள்ளாடுகிறது, குனிந்தால் முதுகுத்தண்டில் கரண்ட் அடித்தது போல ஓடுகிறது, சிறுநீரோ மலமோ கட்டுப்படவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அது தண்டுவடமே அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம். காய்ச்சலோடு கழுத்துவலி, விழுந்து அடிபட்ட பிறகு கழுத்துவலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது ஆகியவற்றையும் தள்ளிப் போடாதே. இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல் இருந்தால் கழுத்து என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்காதே. இதயம் என்றே எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடு.

நீவுவதும் நெட்டி முறிப்பதும்

கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுக்க யாரையும் விடாதே. எங்கள் வீட்டிலும் சுளுக்கு வழிக்கிறவரைக் கூட்டி வந்தார்கள். தோளில் எண்ணெய் தடவி மெல்ல நீவினார், அது இதமாகவே இருந்தது. பிறகு தாடையைப் பிடித்தார். நான் எழுந்துகொண்டேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு கழுத்தெலும்புக்குள்ளேயே ஏறிப் போகின்றன. வெடுக்கென்று திருப்புவதில் அவை கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். நசுங்கிய நரம்புள்ள கழுத்தில் அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

கழுத்துப் பட்டையான காலர் போட்டால் முதல் சில நாள் நிம்மதிதான். ஆனால் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் நீயாகவே தொடராதே, கழுத்துத் தசை சோம்பிவிடும். வெந்நீர்ப் பையைத் துணி சுற்றிக் கழுத்துக்கும் தோளுக்கும் வை. மரத்த இடத்தில் வைக்காதே, சூடு தெரியாமல் பொத்துவிடும்.

மாத்திரையில் ஒரு எச்சரிக்கை. வலி மாத்திரையை மெடிக்கலில் கேட்டு மாதக்கணக்கில் விழுங்குகிற பழக்கம் நம் லைனில் அதிகம். வயிற்றுப் புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அது பதம் பார்க்கும். சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல். நரம்பு எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரீகாபலின், காபாபென்டின் மாத்திரைகள் தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் கொண்டுவரும். ஆரம்பித்த நாட்களில் ஸ்கூட்டி ஓட்டாதே, மெஷினில் உட்காராதே. ஓடுகிற ஊசிக்கு அடியில் இருப்பது உன் விரல். வலி குறைந்ததும் நீயாக ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்கள்.

இந்த வலி பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே ஆறும். நாலிலிருந்து ஆறு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியத் தொடங்கும், முழுதாக அடங்கச் சில மாதம் ஆகலாம். இதை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ ராத்திரி அழாமல் இருந்திருப்பேன்.

லீவு போட்டும் ஆறாத கழுத்து

இங்கேதான் நான் தவறினேன், கண்ணு. எல்லோரும் தவறுவதும் இங்கேதான்.

மருத்துவர் ஓய்வு என்றார். கம்பெனியில் லீவு சொன்னேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "லீவுலதான இருக்க" என்று ஆரம்பித்தது. கிரைண்டரில் மாவு ஆட்டி, குழவியைத் தூக்கிக் கழுவினேன். போர்வைகளை ஊறவைத்துக் கையால் பிழிந்தேன். பரண் மேலிருந்த பாத்திரங்களை இறக்கினேன். எங்கள் வீதியில் குழாயில் தண்ணீர் வருவதே சில நாளுக்கு ஒருமுறை. வந்த அன்று பதினெட்டு குடம் சுமந்தேன். பன்னிரண்டாம் நாள் ஷிப்மெண்ட் அவசரம் என்று போன் வந்தது. வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்ததால் போய்விட்டேன். மூன்றாம் நாளே ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. அந்த வாரக் கடைசியில் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. முதல் முறையை விட வலி மோசமாகத் திரும்பியது.

கம்பெனிக்கு லீவு போட்டிருந்தேன். கழுத்துக்குப் போடவில்லை. வீட்டு வேலையை வேலை என்று வீட்டில் யாரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

இரண்டாவது முறை கழுத்துக்கு லீவு கேட்டேன். வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்: தண்ணீர், மாவு, துணி பிழிவது, சிலிண்டர் நகர்த்துவது, பெருக்குவது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு பெயர், என் பெயரைத் தவிர. "ஆறு வாரத்துக்கு மட்டும்" என்று தேதியும் போட்டேன். தேதி போட்டதால்தான் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். "முடிஞ்சா உதவி பண்ணுங்க" என்று சொன்னால் யாரும் நகரமாட்டார்கள். எந்த வேலை, யார், எத்தனை நாள் என்று சொல்.

அதற்காகப் படுத்தே கிடக்காதே. மெத்தையில் நாள் முழுக்கக் கிடந்தால் கழுத்து இன்னும் இறுகும். காலையும் மாலையும் இருபது நிமிடம் கை வீசி நட. சமைக்கலாம், ஆனால் அரிவாள்மணையைத் தூக்கி வைத்துவிட்டு, நின்றபடி மேடையில் பலகை போட்டு நறுக்கு. தலைக்குக் குளிக்கும்போது குனிந்து ஊற்றாமல் நிமிர்ந்து நின்று ஊற்று. ஈரத்துண்டைக் கொண்டையாகக் கட்டித் தலையில் சுமக்காதே. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்காதே. படுத்துக்கொண்டு போன் பார்ப்பதை அந்த ஆறு வாரமாவது விடு.

தூங்க ஒரே தலையணை. பக்கவாட்டில் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை அது நிரப்ப வேண்டும், தலை தொங்கவும் கூடாது, ஏறவும் கூடாது. வலியில்லாத பக்கம் படுத்து, வலிக்கும் கையைக் கட்டிப்பிடித்துக்கொள்ள இன்னொரு தலையணை வை. குப்புறப் படுக்காதே.

பயிற்சியில் எனக்குப் பெரிதும் உதவியது மிக எளிமையானது. நிமிர்ந்து உட்கார்ந்து, யாரோ நாடியில் விரல் வைத்துப் பின்னால் தள்ளுவது போல நாடியை நேராக உள்ளே இழுத்து, ஐந்து எண்ணி விடுவது. தலை குனியவும் கூடாது, அண்ணாரவும் கூடாது. அதோடு இரண்டு தோள்பட்டை எலும்பையும் முதுகில் ஒன்றோடொன்று நெருக்கி விடுவது. எதைச் செய்தாலும் ஒரு கணக்கு வைத்துக்கொள்: வலி விரலிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து தோளுக்கு என்று மேலே ஏறிக் கழுத்துக்குச் சுருங்கினால் நல்லது, கழுத்து கொஞ்சம் அதிகம் வலித்தாலும் பரவாயில்லை. வலி கீழே விரலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கேள். முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் ஒருமுறையாவது கற்றுக்கொள், வீடியோ பார்த்து ஆரம்பிக்காதே. அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவில் இதற்குக் காசு வாங்குவதில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள்.

சம்பளம் இல்லாமல் எப்படி?

இந்தக் கேள்விதான் நம்மை அரைகுறையாக மெஷினுக்கு இழுத்துப் போகிறது. உன் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சீட்டைப் பார். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. உரிய ஆறு மாதக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி மருத்துவர் ஓய்வுச் சான்றிதழ் கொடுக்கும் நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருடத்தில் 91 நாள் வரை. வழக்கமாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. சான்றிதழ் நாட்களில் வேலைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் பணம் வராது. நான் முதல் முறை இதைக் கேட்கவே இல்லை. சொந்த லீவில் உட்கார்ந்து, கடன் வாங்கி, அந்தக் கடனுக்குப் பயந்துதான் பன்னிரண்டாம் நாள் ஓடினேன். நம் சம்பளத்தில் பிடித்த காசு அது. கேட்டு வாங்கு.

பீஸ் ரேட்டில், இ.எஸ்.ஐ. இல்லாமல் ஓடுகிற தங்கச்சிகளுக்கு இந்த வழி இல்லை. அது எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம். ஆபரேஷன் வரை போகிற நிலை வந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டை இல்லையென்றால் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வை.

திரும்பிப் போகும் நாள்

வலி முழுதாகப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வலி கொஞ்சம் விட்டதும் ஓடவும் வேண்டாம். நான் மூன்று விஷயம் பார்த்தேன். ராத்திரி வலியால் எழாமல் தொடர்ந்து தூங்குகிறேனா? நாற்காலிக் கையில் ஊன்றித் தள்ளி எழ முடிகிறதா? அரை மணி நேரம் உட்கார்ந்து காய் நறுக்கினால் கை எரியாமல் இருக்கிறதா? மூன்றும் சரியான பிறகு, ஐந்தாவது வாரம் முடிந்து, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போனேன்.

போகும் முன் சூப்பர்வைசரை நேரில் பார்த்துப் பேசினேன். "கழுத்து வலிக்குதுங்க, பாத்துப் போடுங்க" என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு நாள்தான் ஞாபகம் இருக்கும். நான் சொன்னது: "முதல் வாரம் மத்தியானம் வரைக்கும். ரெண்டாவது வாரத்துல இருந்து ஒரு ஷிப்ட். ரெண்டு மாசத்துக்கு ஒன்றரை ஷிப்ட் வராதுங்க. பண்டில் தூக்க ஒரு ஆள் வேணுங்க." மருத்துவர் சீட்டிலும் அதையே எழுதி வாங்கியிருந்தேன். முணுமுணுத்தார், ஆனால் கொடுத்தார். பழகிய டெய்லரை இழப்பதை விட அரை நாள் டெய்லர் மேல் என்று அவருக்கும் தெரியும்.

"செக்கிங்குக்கு மாத்தி விடறேன்" என்பார்கள், லேசான வேலை என்று நினைத்து. செக்கிங்கில் எட்டு மணி நேரமும் நின்றபடி தலையைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். ஏறக்குறைய 5 கிலோ தலை முன்னால் தொங்க, பின்கழுத்துதான் அதை இழுத்துப் பிடிக்கிறது. நம் கழுத்துக்கு அது லேசான வேலையே இல்லை. மாற்றுவதாக இருந்தால் கொஞ்ச நேரம் மெஷின், கொஞ்ச நேரம் டெய்லருக்கு உதவும் கைமடி வேலை, கொஞ்சம் நடமாட்டம் என்று கலந்து கேள்.

இடைவேளைக்குக் கடிகாரம் பார்க்கவில்லை. ஒரு பண்டில் முடிந்தால் எழுந்து நின்று, நாடியை ஐந்து முறை உள்ளிழுத்து, தோளைச் சுழற்றிவிட்டு அடுத்தது. ஒரு நிமிடம் கூட ஆகாது. பீஸ் கணக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எவ்வளவு செய்யலாம் என்பதை மறுநாள் காலை சொல்லும். எழுந்ததும் வலி கழுத்தோடு நின்றால் அதே அளவு தொடரலாம். கைக்கு இறங்கியிருந்தால் முந்தைய நாளில் இருந்து ஒரு மணி நேரம் குறை. பஸ்ஸில் வலிக்கும் கையால் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்காதே. ஒரு பஸ் விட்டு உட்கார இடம் கிடைக்கும் பஸ்ஸில் போ.

மெஷினும் கண்ணும்

கடைசியாகத்தான் இதைக் கண்டுபிடித்தேன், முதலில் செய்திருக்க வேண்டியது. எனக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. 40 வயதில் எல்லோருக்கும் மெல்ல ஆரம்பிப்பதுதான். தையல் தெரியவில்லை என்று ஊசிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்க் கழுத்தைக் கெடுத்திருக்கிறேன். படிக்கும் கண்ணாடி போட்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது. ஒன்று கவனி: கண்ணாடிக்கு அளவு எடுக்கும்போது, ஊசிக்கும் உன் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று நாடாவால் அளந்துகொண்டு போய்ச் சொல். புத்தகம் படிக்கிற தூரமும் தைக்கிற தூரமும் ஒன்றில்லை. ஊசிக்குப் பக்கத்தில் சின்ன லைட் ஒன்றும் மெக்கானிக்கிடம் கேட்டுப் போட்டுக்கொள்.

மேஜை உயரம் பார். உட்கார்ந்து தோளைத் தளர விட்டால் முழங்கை மேஜை மட்டத்துக்கு வர வேண்டும். மேஜை தாழ்ந்திருந்தால் குனிவாய், உயர்ந்திருந்தால் தோள் காதுக்கு ஏறும். பவர் டேபிளின் கால்களில் உயரம் மாற்ற வழி இருக்கும், மெக்கானிக் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். வீட்டு மெஷின் என்றால் நான்கு காலுக்கும் அடியில் ஒரே கனத்தில் கட்டை கொடு. முதுகு சாய இடமில்லாத ஸ்டூலை மாற்றச் சொல். தைக்க வேண்டிய பண்டிலைத் தரையில் போடாமல் கை எட்டும் உயரத்தில் பக்கத்து ஸ்டூலில் வை. நாள் முழுக்க ஒரே பக்கம் குனிந்து திரும்பி எடுப்பது எத்தனை ஆயிரம் தடவை என்று எண்ணிப் பார்.

வலி போன பிறகும் மரப்பு பின்தங்கும். எனக்கு வலு நாலாவது மாதம் திரும்பியது. நடுவிரல் நுனி மட்டும் வெகுநாள் துணிக்குள் சுற்றியது போலவே இருந்தது. வலு குறையாமல், மரப்பு பரவாமல் இருக்கும் வரை அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார் மருத்துவர், இருந்தும் மாதம் ஒருமுறை காட்டினேன். காலண்டர் தாளில் போட்ட ஆறு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. தண்ணீர் குடம் இன்றைக்கும் மகன் பெயரில்தான் இருக்கிறது. போன மாதம் ஒருநாள் பனியனுக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, துணியில் இருந்த ஒரு நூல் முடிச்சு கண்ணில் படும் முன்பே நடுவிரலில் தட்டுப்பட்டது.